லோக்கல் கிரிக்கெட் மேட்ச்ல பிளேயர்ஸ் கெட்ட வார்த்தை பேசினா அம்பயர் என்ன பண்ணணும்?

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் டென்னிஸ் பால் டோர்னமென்ட்டுக்கு எட்டு வருஷமா அம்பயரா நிக்கிறேன். பரீட்சை எல்லாம் எழுதல, தோள்பட்டை போச்சு, பந்து போட முடியல, கமிட்டி பசங்க "ணா நீ நில்லுணா"ன்னாங்க, நின்னேன்.

காதுல விழுந்த உடனே குதிக்காதீங்க. போல்டானவன் தன்னையே திட்டிக்கிட்டு பேட்டை தரையில தட்டிட்டு போனா அது அவனுக்கும் அந்த பந்துக்கும் உள்ள பஞ்சாயத்து, நமக்கு என்ன. எதிர்ல நிக்கிறவனோட அம்மா அக்காவை இழுத்தா மேட்சை நிறுத்திடுவேன், ஜாதியை இழுத்தா வார்னிங் எல்லாம் இல்ல, நேரா வெளிய.

எங்க பக்கம் இன்னொரு கூத்து இருக்கு, தமிழ்ல திட்டினா அம்பயருக்கு புரிஞ்சிடும்னு தெலுங்குல இல்லன்னா கன்னடத்துல திட்டுவானுங்க. போன பொங்கல் டோர்னமென்ட்ல, வத்திப்போன ஏரியில மேட்ச், கடைசி ஓவர், ரன் அவுட் குடுத்தேன். கிரீஸுக்கு ஒரு சாண் வெளிய இருந்தான், சந்தேகமே இல்ல. என்னை கடந்து போகும்போது தெலுங்குல ஒண்ணு விட்டான் பாருங்க. எங்க வீட்ல பேசறதே தெலுங்குதான். நானும் தெலுங்குலயே மெதுவா "இன்னொரு வாட்டி சொல்லு தம்பி, சரியா கேக்கல"ன்னேன். பையன் மூஞ்சி செத்துப்போச்சு, "சாரிணா"ன்னு ஓடிட்டான். அதே இடத்துல நான் கத்தியிருந்தா அவன் டீமே உள்ள வந்திருக்கும், ஆரம்பத்துல ரெண்டு மூணு தடவை அப்படி கத்திட்டு வாங்கிக் கட்டியிருக்கேன்.

ரூல் கேட்டா, கிரிக்கெட் விதிகளை எழுதற லண்டன் கிளப் எம்சிசி 2017ல கொண்டு வந்த விதி 42 இருக்கு. சாதாரணமா வாய் விட்டா முதல் தடவை கேப்டனை கூப்பிட்டு வார்னிங், அது அவன் ஒருத்தனுக்கு இல்ல, மொத்த டீமுக்கும், அப்புறம் அந்த டீம்ல யார் பேசினாலும் எதிர் டீமுக்கு 5 ரன். அம்பயரை அடிப்பேன்னு மிரட்டினா அந்த மேட்ச் முழுக்க ஆளே வெளியதான். ஆறு ஓவர் மேட்ச்ல 5 ரன்னா சும்மாவா, டாஸ் போடும்போதே ரெண்டு கேப்டன்கிட்டயும் இதை சொல்லிடுவேன், அதுக்கப்புறம் அவனுங்களே பசங்க வாயை அடக்கிக்குவானுங்க. வார்னிங்னு வந்தா திட்டினவன்கிட்ட நேரா பேசவே மாட்டேன், எல்லாம் கேப்டன் வழியாதான், அதுவும் ஓவர் முடிஞ்சு, தோள்ல கை போட்டு தனியா.

கேப்டனே திட்டினா? அதுவும் நடந்திருக்கு. வைடு குடுக்கலன்னு வாய்க்கு வந்தபடி பேசினான், ஸ்டம்ப்பை பிடுங்கி கமிட்டி டேபிள்ல வச்சிட்டு டீ வாங்கி உக்காந்துட்டேன். கால் மணி நேரம் கமிட்டிக்காரங்க பேசி சமாதானம் பண்ணி கூட்டிட்டு வந்தாங்க. மேட்ச் முடியற வரைக்கும் அவன் என் மூஞ்சியை பாக்கல, நானும் பாக்கல, ஆனா வாயை திறக்கல.