உள்ள உப்பி வர்ற அண்டர்கிரவுண்ட் சுவர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார். எங்க வீடு சத்துவாச்சாரியில மலையோரமா சரிவுல இருக்குது. ரோட்ல நின்னு பாத்தா ஒரு மாடி, பின்பக்கம் இறங்கி பாத்தா ரெண்டு மாடி. கீழ் ரூம்லதான் வீட்டுக்காரர் நாலு மிஷின் போட்டு ஷூ அப்பர் தைக்கிற ஜாப் ஒர்க் பண்றார். 9 இஞ்ச் செங்கல் சுவர், 8 அடி உயரம். பக்கத்து மனையில லாரி லாரியா மண்ணு கொட்டி மேடாக்கிட்டாங்க, அது சரிஞ்சு எங்க 4 அடி சந்தும் ரொம்பிடுச்சு, முன்ன 5 அடிக்குதான் சுவத்து மேல மண்ணு இருந்துச்சு இப்ப 8 அடிக்கும் இருக்குது. ஐப்பசி மழையில அந்தச் சுவர் நடுவுல ஒரு இஞ்சுக்கு மேல உள்ள தள்ளிக்கினு வந்துட்டுது, நெஞ்சு உயரத்துல நீளத்துக்கும் விரிசல் வேற. ஒரு மேஸ்திரி கோழி வலை அடிச்சு பூசிடலாம்ங்கறார், இன்னொருத்தர் மொத்தமா இடிக்கணும்ங்கறார். யார் சொல்றத கேக்கறது?
– ஒரு வாசகி, வேலூர்

பதில்: வணக்கம்மா. ரெண்டு பேரையுமே இப்ப கேக்க வேணாம். இன்னைக்கே அந்தச் சுவரோரம் இருக்கற மிஷினையெல்லாம் எதிர்ப்பக்கம் மாத்திடுங்க, அங்க உக்காந்து யாரும் தைக்க வேணாம், மத்ததெல்லாம் அப்புறம்.

மண்ணு 5 அடியில இருந்து 8 அடி ஆனா தள்ளுற பலமும் அதே அளவு ஏறும்னு நினைப்போம், ஆனா அது உயரத்தோட வர்க்கத்துல ஏறும், அதாவது 25 இருந்த இடத்துல 64, ரெண்டரை மடங்கு. அதுக்கு மேல தண்ணி. 8 அடிக்கும் தண்ணி தேங்கி நின்னா ஒரு மீட்டர் நீளச் சுவத்து மேல தண்ணி மட்டுமே கிட்டத்தட்ட 3 டன் தள்ளும்மா, கம்பி இல்லாத செங்கல் சுவர் இதுக்கு கட்டினதே இல்ல. மேல தளமும் கீழ தரையும் பிடிச்சுக்குது, நடுவுல பிடிமானம் இல்ல, அதான் நடுவுல உப்பி படுக்கை வாட்டத்துல விரிசல். இத வலை அடிச்சு பூசினா விரிசல் கண்ணுக்கு மறையும், தள்ளுறது நிக்காது.

மொதல்ல அளந்து வைங்க. மேல இருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு அடிக்கு அடி சுவத்துக்கும் நூலுக்கும் எவ்ளோ இடைவெளின்னு நோட்டுல தேதியோட எழுதுங்க. விரிசலுக்கு குறுக்க சின்ன கண்ணாடித் துண்டு ரெண்டு மூணு இடத்துல சிமெண்ட் வச்சு ஒட்டுங்க, அது உடைஞ்சா சுவர் இன்னும் நகருதுன்னு அர்த்தம். இந்த நோட்டோட ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர கூப்பிடுங்க. போன்ல பேஸ்மென்ட்னு சொல்லிடாதீங்க, நம்ம ஊர்ல பேஸ்மென்ட்னா தரைக்கு மேல எழுப்புற மேடைன்னுதான் எடுத்துக்குவாங்க, மண்ணுக்குள்ள இருக்கற ரூம் சுவர்னே சொல்லுங்க.

அமெரிக்காவுல நிறைய வீட்டுல இப்படி ரூம் உண்டு, அங்க பொதுவா 2 இஞ்சுக்குள்ள வளைஞ்சிருந்தா கார்பன் ஃபைபர் பட்டை (கார்பன் நாருல செஞ்ச, இழுவைக்கு நல்லா தாங்கற பட்டை) ஒட்டறாங்க, அதுக்கு மேல போனா இரும்புத் தூண் வைக்கறாங்க, இல்ல வெளிய மண்ணுக்குள்ள ஆங்கர் அடிச்சு இழுத்துப் பிடிக்கறாங்க. ஆங்கர் உங்களுக்கு ஆகாது, அது பக்கத்து மனைக்குள்ள போகும். பட்டையும் ஈரம் ஊறின பழைய செங்கல்ல சரியா பிடிக்காது, தவிர அது இருக்கற வளைவ அப்படியே நிறுத்துமே தவிர நேராக்காது. உங்க சுவத்துக்கு நான் சொல்றது உள்பக்கம் 4 அடிக்கு ஒரு இரும்பு ஐ பீம் (ஆங்கில I எழுத்து மாதிரி இருக்கற உத்திரம்), கீழ தரை கான்கிரீட்ட வெட்டி நட்டு, மேல தளத்தோட போல்ட் போட்டு, சுவத்துக்கும் பீமுக்கும் நடுவுல இருக்கற சந்த கிரவுட்டால (இளக்கமா கரைச்ச சிமெண்ட் கலவை) அடைக்கறது. சைஸ் எஞ்சினியர் கணக்கு போட்டு சொல்லட்டும்.

ஆனா வெளிய தண்ணிக்கு வழி பண்ணாம இரும்பு வச்சா பாதி வேலைதான். தை பொறந்து மண்ணு காஞ்சதும் உள்ள முட்டு குடுத்துட்டு சந்துல தோண்டுங்க, மொத்தமா தோண்டாதீங்க, 5 அடி நீளமா பகுதி பகுதியா, பலகை முட்டு இல்லாம ஆள குழியில இறக்கவே கூடாது, மண்ணு சரிஞ்சா கத்தறதுக்குக்கூட நேரம் இருக்காது. அஸ்திவாரத்துக்கு கீழ கடப்பாறை போகக்கூடாது. சுவத்துல வாட்டர் ப்ரூஃபிங் பூசி, அடியில ஓட்டை போட்ட 4 இஞ்ச் பிவிசி பைப், சுத்தி ஜல்லி, அதுக்கு மேல ஜியோ துணி (தண்ணிய விட்டு மண்ண தடுக்கற துணி). உங்க இடம் சரிவுங்கறதால பைப்ப பின்பக்கம் வாட்டம் விட்டா தண்ணி தானா போயிடும், மோட்டாரே வேணாம், சமதரையில இருக்கறவங்களுக்கு இந்த வசதி இல்ல. மூடும்போது 5 அடியோட நிறுத்துங்க, அந்த 3 அடிய திரும்ப கொட்டாதீங்க. பக்கத்து மண்ணு சரியாம இருக்க அவங்க எல்லையில அவங்கதான் தடுப்புச் சுவர் கட்டணும், இத இப்பவே உக்காந்து பேசிடுங்க.

அதுவரைக்கும் மழை வந்தா சந்து மேல தார்பாய் போடுங்க, மொட்டை மாடி தண்ணி பைப்ப அந்தப் பக்கம் விடாதீங்க.

உப்பல் 2 இஞ்ச தாண்டினாலோ, கண்ணாடி உடைஞ்சுக்கினே இருந்தாலோ, சுவர் அடியில வழுக்கினாலோ பீம் போதாது, தளத்த முட்டு குடுத்து நிறுத்திட்டு கம்பி கட்டி கான்கிரீட் சுவரா மாத்தணும்.

கேள்வி: மழைக்காலத்துல சம்ப்ப காலி பண்ணி கழுவினோம், அடுத்த நாள் அடித்தளம் வெடிச்சு மேல தூக்கிட்டுது. ஏன்?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: இதுவும் அதே தண்ணிதாங்க. நிலத்தடி நீர் மேல ஏறி நிக்கும்போது சம்ப் காலியா இருந்தா கீழ இருந்து தூக்கும், உள்ள இருக்கற தண்ணியோட கனம்தான் அத அமுக்கி வச்சிருக்கும். கழுவறத பங்குனி சித்திரையில வச்சிக்கோங்க.