தங்கை நடிக்கிறாளா, நோயா?

கேள்வி: என் தங்கைக்கு 26 வயது. வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் எல்லோரும் அவளையே கவனிக்க வேண்டும். கவனிக்காவிட்டால் தலைசுற்றல், அழுகை. நான்கு நாள் பழகியவரை உயிர்த் தோழி என்கிறாள். இணையத்தில் ஒரு வினாப்பட்டியலை நிரப்பினேன். ‘ஹிஸ்ட்ரியானிக் ஆளுமைக் கோளாறு’ என்று வந்தது. உண்மையா? நாங்கள் என்ன செய்வது?

பதில்: பட்டியலை நிரப்பியது நீங்கள்தான், தங்கை அல்ல. அதுவும் அவர்மேல் கோபமாக இருந்த ஒரு நாளில் என்று ஊகிக்கிறேன். அந்த முடிவை ஓரமாக வைத்துவிடுங்கள்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு இதற்கு எட்டு அடையாளங்களைத் தருகிறது. அவற்றில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். நீங்கள் எழுதியதில் இரண்டு தெரிகின்றன: கவனம் கிடைக்காதபோது தவிப்பு, உறவை உள்ளதைவிட நெருக்கமாக எண்ணுவது. மற்றவற்றில் நான் உன்னிப்பாகப் பார்ப்பது பேச்சை. இந்தக் கோளாறு உள்ளவர்களிடம் “மேலதிகாரி எப்படி?” என்று கேட்டால் “ஐயோ, மகா கொடுமைக்காரர்!” என்பார்கள். “என்ன செய்தார்?” என்றால், “அவரைப் பார்த்தாலே தெரியுமே!” அதற்குமேல் ஒரு சம்பவம்கூட வராது. உணர்ச்சி நிறைய இருக்கும், விவரம் இருக்காது. அழுதுகொண்டிருந்தவர் அடுத்த நிமிடமே சிரிப்பார். இதை நடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் அழுகையும் உண்மை, சிரிப்பும் உண்மை.

பெயரிலேயே ஒரு பழைய அநியாயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த ‘ஹிஸ்டீரியா’வைப் பெண்களின் தலையில் கட்டினார்கள். 1980-இல் அந்தக் கையேடு பெயரை மாற்றி, நடிகரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து ‘ஹிஸ்ட்ரியானிக்’ என்றது. இதுவும் அப்படியொன்றும் கனிவான பெயர் இல்லை.

ஆளுமைக் கோளாறுகளில் இது சேர்ந்த குழுவில் இன்னும் மூன்று உண்டு. நார்சிசிஸ்டிக் வகையினருக்குப் புகழ்ச்சி வேண்டும். ஹிஸ்ட்ரியானிக் வகையினருக்குக் கவனம் கிடைத்தால் போதும், பரிதாபமானாலும் சரி. பார்டர்லைன் வகையில் கைவிடப்படுவோமோ என்ற பயமும், உள்ளே வெறுமையும், தன்னையே காயப்படுத்திக்கொள்வதும் முன்னால் நிற்கும். நான்காவது, பிறர் உரிமையை மதிக்காத சமூகவிரோத ஆளுமை. ஒருவரிடமே இரண்டு கலந்திருப்பதும் உண்டு. அதனால்தானோ என்னவோ, உலக சுகாதார நிறுவனத்தின் 2022 முதல் நடப்பிலுள்ள நோய்ப் பட்டியல் இந்தத் தனிப் பெயர்களைப் பெரும்பாலும் கைவிட்டு, பாதிப்பு லேசானதா, நடுத்தரமா, கடுமையானதா என்று பார்க்கச் சொல்கிறது. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

எனவே பெயரை விட்டுவிட்டு இதைப் பாருங்கள்: பதின்வயதிலிருந்தே இப்படித்தானா? வேலை, நட்பு, வீடு என எல்லா இடத்திலுமா? அதனால் அவர் இழந்தது ஏதாவது உண்டா? சில வாரங்களாக மட்டும் என்றால் இருமுனைக் கோளாறு (மனநிலை அளவுமீறி ஏறி இறங்கும் நோய்), தைராய்டு போன்றவற்றை முதலில் சோதிக்க வேண்டும்.

இந்தக் கோளாறுக்கென்று மாத்திரை கிடையாது. கூடவே மனச்சோர்வோ பதற்றமோ இருந்தால் அதற்குத் தருவோம். முக்கியச் சிகிச்சை உளவியல் ஆலோசனைதான். மாதக்கணக்கில் ஆகும்.

வீட்டில், அவர் அமைதியாக இருக்கும் நேரத்தில் பக்கத்தில் போய் உட்காருங்கள். மயங்கி விழுந்தால்தான் கவனிப்பார்கள் என்ற பாடத்தை வீடே கற்றுக்கொடுத்துவிடக் கூடாது. “நடிக்காதே” என்ற சொல்லை அறவே விடுங்கள். அவர் பொத்தாம்பொதுவாகப் பேசினால், “முதலில் என்ன நடந்தது?” என்று பொறுமையாகக் கேளுங்கள்.

ஒன்றில் மட்டும் அலட்சியம் வேண்டாம். சாகப்போகிறேன் என்றால், பத்தாவது முறையாகச் சொன்னாலும் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

மற்றபடி, “உனக்கு ஆளுமைக் கோளாறு” என்று சொல்லிக் கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள். “அடிக்கடி அழுகிறாயே, தலைசுற்றுகிறது என்கிறாயே, ஒருமுறை டாக்டரிடம் பேசுவோமா?” என்று கேட்டுப் பாருங்கள்.