நீலக் கேவன்சைட்: தானாக வளர்ந்ததா, ஒட்டி வைத்ததா?

கேள்வி: வெள்ளைப் படிகங்களின் மேல் நீலப் பூப்போல அமர்ந்திருக்கும் கேவன்சைட் என்னும் கனிமத்தின் மாதிரிக் கல் ஒன்றை வாங்கினேன். புனே அருகே வாகோலியில் கிடைத்தது என்றார் விற்றவர். நீலப் பகுதி பசையால் ஒட்டியது என்கிறார் நண்பர். எப்படி அறிவது?

பதில்: நண்பரின் ஐயம் நியாயமானதே. கேவன்சைட்டின் நீலம் அதிலுள்ள வெனேடியம் என்னும் உலோகத்தால் வருவது. அதைச் சாயம் என்று ஐயுற வேண்டியதில்லை. ஆனால் குவாரியில் பாறையை உடைக்கும்போது இந்த நீல உருண்டைகள் எளிதில் பெயர்ந்துவிடும். அப்படி உதிர்ந்தவற்றை வேறொரு நல்ல வெள்ளைக் கல்லில் ஒட்டி விற்பவர்கள் உண்டு.

இதைக் கண்டறிய, படிகம் வளர்ந்த விதத்தைத் தெரிந்துகொள்வது உதவும். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் அடுக்கடுக்காகப் பரவிய எரிமலைக் குழம்பு இறுகியபோது, அதனுள் வாயுக் குமிழிகளும் வெடிப்புகளும் வெற்றிடங்களாக எஞ்சின. பின்னாளில் அப்பாறையினூடே ஊறிய வெந்நீர், பாறையிலிருந்து கரைத்தெடுத்த பொருள்களை அவ்வெற்றிடங்களின் சுவர்களில் படிய வைத்தது. உங்கள் மாதிரியின் வெள்ளைப் பகுதி பெரும்பாலும் ஸ்டில்பைட் என்னும் கனிமமாக இருக்கும். அதன் மேல், கால்சியமும் வெனேடியமும் சிலிக்கனும் சேர்ந்த கேவன்சைட் (அம்மூன்றின் பெயர்களைச் சுருக்கி இணைத்ததே இந்தப் பெயர்) ஒரு புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் ஊசிகளாக விரிந்தது. 1967இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில்தான் இது முதலில் கண்டெடுக்கப்பட்டது. எனினும் சேகரிப்பாளர்கள் நாடுவது வாகோலிக் கற்களையே.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது பூவை அல்ல, அதன் அடியை. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் நோக்குங்கள். இயற்கையாக வளர்ந்ததாயின், அடி ஊசிகள் கீழுள்ள ஸ்டில்பைட் முகங்களின் மேடுபள்ளத்தை இடைவெளியின்றித் தழுவியிருக்கும். ஒட்டியதாயின், இணைப்பில் கண்ணாடி போன்ற மினுமினுப்போ, சிறு காற்றுக் குமிழிகளோ, பசையில் சிக்கிய கல்தூளோ தெரியும். உருண்டையின் அடியில் நசுங்கிய ஸ்டில்பைட் முனைகளும் தென்படலாம். இருட்டறையில் புற ஊதா டார்ச்சை அடித்தால் பல பசைகள் வெளிர்நீலமாக ஒளிரும். எல்லாப் பசையும் ஒளிர்வதில்லை என்பதால், ஒளிராததை மட்டும் வைத்து நற்சான்று கொடுத்துவிடாதீர்கள். அசிட்டோனைப் பஞ்சில் தொட்டு வைத்தால் சில பசைகள் இளகும். அதோடு பூவும் கையோடு வந்துவிடும் என்பதால், திருப்பித் தரும் எண்ணம் இருந்தால் அதைச் செய்ய வேண்டாம்.

பெயர்ந்த உருண்டையை அதே இடத்தில் மீண்டும் பொருத்தியிருந்தால் அது பழுதுபார்ப்பு. சொல்லி, விலையைக் குறைத்து விற்றால் குற்றமில்லை. சொல்லாமல் விற்றதே ஏமாற்று.

தூசியைக் காற்றூதும் ரப்பர் பந்தால் மட்டும் நீக்குங்கள். அமிலமும், மீயொலிக் கழுவு கருவியும், சூடும் கூடவே கூடாது. இரு கனிமங்களின் கட்டமைப்பிலும் நீர் இருப்பதால் சூடேறினால் அது வெளியேறி, படிகம் பாழாகும்.