இருப்பாய்வில் 270 ரூபாய் இடிக்கிறதா?

இருப்பாய்வு என்பது பேரேட்டில், அதாவது எல்லாக் கணக்குகளும் இருக்கும் புத்தகத்தில், உள்ள இருப்புகளைப் பற்று, வரவு என்று இரண்டு பக்கமாக எழுதிக் கூட்டும் பட்டியல்; இரண்டு கூட்டுத்தொகையும் சமமாக வர வேண்டும். உங்களுக்குப் பற்றுப் பக்கம் 270 ரூபாய் கூடுதல், மூன்று முறை கூட்டியும் அதே விடை என்கிறீர்கள். அப்படியென்றால் கூட்டலை விடுங்கள், வித்தியாசத்தைப் பாருங்கள்.

முதலில் பேரேட்டில் சரியாக 270க்கு உள்ள வரவு இருப்பு ஏதாவது இருப்பாய்வில் விடுபட்டிருக்கிறதா? இல்லையென்றால் பாதியாக்குங்கள்: 135. வரவில் வர வேண்டிய 135 பற்றில் ஏறியிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகும்.

ஆனால் எனக்குச் சந்தேகம் வேறு இடத்தில். 270, 9ஆல் மீதியின்றி வகுபடுகிறது. இலக்கம் இடம் மாறினால் இப்படித்தான் வரும். ஈவு 30, அதாவது 3 பத்துகள்; அப்படியானால் நூறாம் இடமும் பத்தாம் இடமும் மாறியிருக்கலாம், அந்த இரண்டு இலக்கங்களுக்கும் வித்தியாசம் 3. 1,250ஐ 1,520 என்று எழுதினால் சரியாக 270 கூடும். 30ஐ 300 என்று எழுதினாலும் அதே 270தான், அதனால் சின்னத் தொகைகளையும் விடாதீர்கள். வரவுப் பக்கத்தில் இதுவே குறைத்து எழுதப்பட்டிருக்கலாம்.

9ஆல் வகுபட்டாலே இதுதான் பிழை என்று உறுதியில்லை, தேட வேண்டிய இடம் சுருங்கும், அவ்வளவுதான். வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் (பிழை தெரியும்வரை தற்காலிகமாக வைக்கும் கணக்கு) போட்டு மூடுவதை, பயிற்சிக் கேள்வியிலேயே அப்படிக் கேட்டிருந்தாலொழிய, கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், பிழை சிக்காவிட்டால் பேரேட்டு இருப்புகளை அப்படியே இங்கே போடுங்கள், பார்க்கலாம்.