யாருக்காக இந்த சென்ட்?

கேள்வி: அக்கா, அம்மாப்பேட்டையிலிருந்து ஐந்து ரோட்டுக்கு தினமும் வேலைக்குப் போகிறேன். கிளம்பும்போது கொஞ்சம் சென்ட் அடித்துக்கொண்டால் எனக்கு ஒரு தெம்பு. மாமியாரோ, "யாரு மோந்து பார்க்கவாம் இது?" என்கிறார். ஆபீஸில் பக்கத்து சீட்டு அக்கா தலைவலி என்று தள்ளி உட்காருகிறார். மத்தியானத்துக்குள் எனக்கே வாசனை தெரிவதில்லை, அவருக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? விட்டுவிடட்டுமா?
— பெயர் வேண்டாம், சேலம்

பதில்: விடாதே கண்ணு. ஆனால் மாமியார் பேச்சையும் அந்த அக்காவின் தலைவலியையும் ஒரே கணக்கில் சேர்க்காதே.

காலையில் வ.உ.சி. பூ மார்க்கெட் பக்கம் போய்ப் பார். குண்டுமல்லி வாங்கித் தலை நிறைய வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிற பெண்ணை 'யாருக்காக' என்று எவரும் கேட்பதில்லை. கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்துத்தான் நம்மை உள்ளே விடுகிறார்கள். பாட்டிலில் வந்தால் மட்டும் சந்தேகம், அதுவும் மருமகள் போட்டால்! மகன் அடித்துக்கொண்டு போனால் அந்தக் கேள்வி வருமா? எனக்குக் கோபம்தான் வருகிறது. "எனக்குப் பிடிக்கும் அத்தை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பு. அதற்கு மேல் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்து சீட்டு அக்கா சொல்வதை நம்பு. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களில் பலருக்குக் கடும் வாசனை வலியைக் கிளப்பிவிடும். ஆஸ்துமா இருந்தால் மூச்சு இறுகும். உனக்குத் தெரியவில்லை என்பதால் வாசனை போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஒரே வாசனை விடாமல் வந்தால் சில நிமிஷத்திலேயே மூக்கு அதைக் கண்டுகொள்ளாது. புதிதாக வருகிறவருக்கு அது அப்படியே அடிக்கும். கோடை மழை விழுந்து ஏற்காட்டில் காப்பி பூக்கிற சமயம் போயிருக்கிறாயா? தோட்டமெல்லாம் வெள்ளை வெளேரென்று, மல்லிகை மாதிரி மணக்கும். கீழேயிருந்து போன நான் மூச்சை இழுத்து இழுத்து விட, தோட்டத்தில் வேலையாக இருந்த அம்மா, "அவ்வளவுங்களா வாசம் வருது?" என்றார்.

வாசனை தெரியவில்லையே என்று மத்தியானம் மறுபடி அடிக்கிறாயோ என்னவோ. அடித்தால் அதை முதலில் நிறுத்து. பாட்டிலில் 'ஓ டி பர்ஃபம்' என்று போட்டிருந்தால், 'ஓ டி டாய்லெட்'டை விடப் பொதுவாக அதில் வாசனை எண்ணெய் அதிகம். ஒரு அழுத்து போதும். ஆபீஸில் அடிக்காதே, வீட்டிலேயே அடி. ஆல்கஹால் நெடி வழியிலேயே போய்விடும். பிறகு அந்த அக்காவிடமே, "இன்னிக்கு பரவாயில்லைங்களாக்கா?" என்று கேள். அளவை அவர் மூக்குதான் சொல்ல முடியும். ஒரு அழுத்தும் அவருக்கு ஆகவில்லை என்றால், ஆபீஸ் நாளில் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆசை தீரப் போட்டுக்கொள்.

கேள்வி: ஏற்காடு பஸ்ஸில் சென்ட் போட்டுக்கொண்டு போகலாமா?
— கல்லூரி மாணவர், அஸ்தம்பட்டி

பதில்: வேண்டாம் தம்பி. 20 கொண்டை ஊசி வளைவு. வயிற்றைப் புரட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் உன் சென்ட் அவரை இன்னும் படுத்தும். மேலே இறங்கியதும் போட்டுக்கொள்.