நீலகிரியில் யானைகள் ஊருக்குள் வரக் காட்டை அழித்ததுதான் காரணமா? பிடித்துக்கொண்டுபோய் நடுக்காட்டில் விட்டால் தீராதா?

இரண்டு கேள்விக்கும் ஒரு வரியில் பதில் வேண்டுமென்றால்: முதலாவதற்குப் பாதி ஆமாம், இரண்டாவதற்குப் பெரும்பாலும் இல்லை. விவரம் வேண்டுபவர்கள் தொடர்ந்து படிக்கலாம்.

நான் பந்தலூர்ப் பக்கத்துக்காரன். என் தாத்தா சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்து டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்தவர். அதனால் யானைக்காகப் பேசினாலும் தோட்டத் தொழிலாளிகளின் லைன் வீட்டு வாசலில் நின்றுகொண்டுதான் பேசுவேன். அந்தச் சாய்வு உண்டு, கழித்துக்கொண்டு படியுங்கள்.

காட்டை அழித்தது நிஜம். 1880ஐ ஒட்டிய வருஷங்களில் தேவாலா, பந்தலூர் மலைகளில் தங்கம் கொட்டிக் கிடக்கிறது என்று லண்டனில் கம்பெனி கம்பெனியாகப் பங்கு விற்றார்கள். தங்கம் சொல்லிக்கொள்ளும்படி கிடைக்கவில்லை. வந்த துரைமார் காப்பி, தேயிலை என்று இறங்கினார்கள், காடு தோட்டமானது. அப்புறம் 1968இல், இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக அரசே வனத்துறை நிலத்தில் தேயிலை போட ஆரம்பித்தது. அதுதான் டேன்டீ. பாண்டியார், சேரம்பாடி, சேரங்கோடு, கொளப்பள்ளி எல்லாம் அப்படி வந்த தோட்டங்கள். இந்தப் பக்கத்தின் கடைசிப் பெரிய வெட்டு எங்களுக்காக நடந்தது என்று சொன்னால் தப்பில்லை. அதற்கும் அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. யானையும் ஆளும் மோதிக்கொள்ளும் செய்தி இந்த அளவுக்கு அன்றைக்குக் கேட்டதில்லை என்பார்கள் தோட்டத்துப் பெரியவர்கள். ஆகவே வெட்டியதை மட்டும் காரணமாகச் சொன்னால் கணக்கு இடிக்கிறது.

வேட்டையா என்றால், அதுவும் இன்றைக்குப் பெரிய காரணம் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. தந்தத்துக்காகக் கொம்பன்களை மட்டும் தேடித் தேடிச் சுட்டதில், கொம்பன்கள் பெண் யானைகளுக்கு ஈடில்லாத அளவுக்குக் குறைந்துபோன காலம் அது. வீரப்பன் 2004இல் செத்தான். தமிழ்நாட்டில் 2006 கணக்கெடுப்பில் 76 ஆக இருந்த புலி 2022இல் 306. யானை 2023இல் 2,961, அடுத்த வருஷம் 3,063. காவல் பலப்பட்டிருக்கிறது, அதில் வேட்டைத் தடுப்புக் காவலர்களின் பங்கு பெரிது. அவர்களில் பாதுகாக்கும் காட்டிலேயே பிறந்த ஆதிவாசிகள் நிறையப் பேர் என்பதைச் செய்தியில் யாரும் எழுதுவதில்லை.

சரி, மிருகமும் இருக்கிறது, காடும் வரைபடத்தில் இருக்கிறது. பிறகு என்னதான் கோளாறு?

மைசூர் ரோட்டில் தொரப்பள்ளி தாண்டி முதுமலைக்குள் நுழைந்ததும் வண்டிக்காரர்கள் பெரும்பாலும் மான் தேடுவார்கள். மானை விட்டுவிட்டு, மரங்களுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ரோஜாவும் மஞ்சளுமாகச் சின்னப் பூக்கள் கொத்துக் கொத்தாக, ஆள் உயரத்துக்கு மேல் முட்புதர். உண்ணிச்செடி. தென்னமெரிக்கப் பக்கத்துச் செடி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்து அழகுக்காக வெள்ளைக்காரர்கள் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தது. கறுத்த பழத்தைப் பறவை தின்று போகிற இடமெல்லாம் விதைக்கிறது. இலையை ஆடு மாடு தின்றால் நோய் வரும், அதனால் மேய்ச்சலில் அழியாது. புதர் அடைத்த இடத்தில் புல் முளைக்காது. இந்தியாவில் புலி வாழும் காடுகளில் சுமார் 40 சதவீதத்தில் இது புகுந்துவிட்டதாக 2020இல் வந்த ஒரு ஆய்வு சொன்னது.

யானைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோவாவது தீனி வேண்டும், அதில் பெரும் பங்கு புல். புல் இருந்த இடத்தில் உண்ணி நின்றால் யானை என்ன செய்யும்? வெளியே எங்கள் பக்கம் பலாப்பழம் இருக்கிறது, வாழை இருக்கிறது, பள்ளத்தில் நெல் வயல் இருக்கிறது. காட்டுக்குள் நாள் முழுக்க அலைந்து தேட வேண்டிய தீனி, இங்கே ஒரு ராத்திரியில் கிடைத்துவிடுகிறது. ஆடி பிறப்பதற்குள் பலாவை யானை கணக்குப் பார்த்து முடித்துவிடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு.

உண்ணியை வெட்டினால் தீரும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. மேலோடு வெட்டினால் அடுத்த மழைக்கு இரண்டு பங்காகத் துளிர்க்கும். தரைக்குக் கீழே சில சென்டிமீட்டரில் தாய் வேரை அறுத்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். டெல்லி பல்கலைக்கழகத்துக்காரர்கள் வகுத்த முறை அது. போட்ட பிறகும் இரண்டு மூன்று வருஷம் முளைக்கிற கன்றைப் பிடுங்க வேண்டும், கூடவே உள்ளூர்ப் புல்லை விதைக்க வேண்டும். டெண்டர் விட்டு ஒரு சீசனில் அகற்றி, போட்டோ எடுத்து, பில் போட்டுவிட்டால் அடுத்த வருஷம் அதே இடத்தில் அதே புதர்.

இங்கே ஒரு கிளைக் கதை சொல்லியாக வேண்டும். கர்நாடகத்துப் பிலிகிரிரங்கன் மலையின் ஆதிவாசிகளான சோலிகர்கள் முன்பெல்லாம் கோடைத் தொடக்கத்தில் தரைச் சருகுக்கு மட்டும் சின்னதாகத் தீ வைப்பார்கள். 'தரகு பெங்கி' என்று அதற்குப் பெயர். எழுபதுகளில் அந்த மலை சரணாலயமானதும் தீ வைப்பதைத் தடுத்துவிட்டார்கள். தீ நின்றதால்தான் உண்ணி ஏறியது என்பது சோலிகர் வாதம். இப்போது அந்த உண்ணிக் குச்சியே காய்ந்து பெரிய தீக்கு விறகாகி, மரத்தின் உச்சிவரை கொண்டுபோகிறது. தீயைப் பற்றி விஞ்ஞானிகளுக்குள் இன்னும் சண்டை இருக்கிறது. ஆனால் காட்டில் வாழ்ந்தவரைக் கேட்காமலே அவரை விலக்கி வைத்தது வடிகட்டிய மடத்தனம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

உண்ணி மட்டும் இல்லை. மசினகுடி பக்கம் மஞ்சள் பூத்துக் குலுங்கும் மரத்தடியில் நின்று செல்ஃபி எடுக்கிறார்களே, அந்த மஞ்சள் கொன்றையும் அமெரிக்கக் கண்டத்து மரம்தான். அடியில் ஒன்றையும் வளர விடாது. அதை வெட்டிக் காகிதக் கூழுக்காகத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்துக்கு அனுப்புகிறார்கள், உருப்படியான யோசனை. மேலே ஊட்டிப் பக்கம் புல்வெளியை மூடிய சீகை மரமும் கற்பூர மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. தோல் பதனிட, விறகுக்கு, கூழுக்கு என்று அரசே ஏக்கர் ஏக்கராக நட்டது. வரையாட்டுக்கு அந்தப் புல்வெளிதான் வீடு. 2022இல் அதற்கென்று தனித் திட்டமே அறிவித்தார்கள், 2024இல் மாநிலம் முழுக்க எண்ணியதில் 1,031 வந்தது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் பராமரிக்காமல் விட்ட தேயிலைக்குள் காட்டெருமையும் கரடியும் படுத்திருக்கின்றன. பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாவிட்டால் சின்ன விவசாயி தோட்டத்தைக் கைவிடுகிறார், கரடிக்கு மறைவிடம் கிடைக்கிறது, ராத்திரியில் கோவில் விளக்கு எண்ணெயைத் தேடி வருகிறது. தேயிலை விலையையும் கரடியையும் சேர்த்து யோசிக்கிற அதிகாரியை நான் பார்த்ததில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது எல்லாமே பச்சை. சாட்டிலைட் படத்திலும் பச்சைதான். அதனால்தான் காடு நன்றாக இருக்கிறது என்று ஒரு கூட்டமும், காடே போய்விட்டது என்று இன்னொரு கூட்டமும் ஒரே படத்தை வைத்துச் சண்டை போட முடிகிறது.

வழித்தடம் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாக முடிக்கிறேன். நீலகிரிச் சரிவுக்கும் மாயாறு பள்ளத்தாக்குக்கும் நடுவில் இருக்கும் சீகூர் பீடபூமிதான் மேற்கு மலைக்கும் கிழக்கு மலைக்கும் யானை போகிற இடுக்கு வழி. அங்கே முளைத்த ரிசார்ட்டுகளில் 39ஐ 2018இல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி சீல் வைத்தார்கள். 2020 அக்டோபரில் வழித்தடம் செல்லும் என்று தீர்ப்பும் வந்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் ரிசார்ட் முதலாளியையும், அதே கோட்டுக்குள் மாட்டுத் தொழுவம் வைத்திருக்கும் ஏழையையும் ஒரே நோட்டீஸில் அடக்கியது எனக்கு உடன்பாடில்லை.

நிலத்துக்கு வருவோம், ஏனென்றால் கூடலூர்ச் சிக்கலின் ஆணிவேர் அங்கே இருக்கிறது. இந்தத் தாலுகா பூமியில் பெரும்பகுதி நிலம்பூர் கோவிலகம் என்ற ஜமீன் குடும்பத்தின் ஜன்ம நிலம், அதாவது பரம்பரைச் சொத்து. எஸ்டேட்டுகள் குத்தகைக்கு எடுத்தவை. 1969இல் ஜன்ம ஒழிப்புச் சட்டம் வந்தது, சுமார் 80,000 ஏக்கர் அதன் கீழ் வந்தது. எது காடு, எது எஸ்டேட், எது குடியிருப்பு என்று தீர்மானிப்பதற்குள் வழக்கு மேல் வழக்கு. நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதபடி சட்டங்களைக் கொண்டுபோய் வைக்கிற இடமான, அரசியல் சாசனத்தின் ஒன்பதாவது அட்டவணை பற்றி 2007இல் ஒன்பது நீதிபதிகள் கொடுத்த புகழ்பெற்ற தீர்ப்பு இருக்கிறதே, அதற்கு வித்து இந்தக் கூடலூர் நிலம்தான். சட்ட மாணவர்களுக்குக்கூட இது தெரிந்திருப்பதில்லை.

அந்த இழுபறியில் மாட்டிய நிலத்தை, சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து, 'செக்‌ஷன் 17' என்போம். அங்கே வீடு கட்டியவர்களுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் பல வீடுகளுக்கு நெடுங்காலம் கரண்ட் இல்லை. இப்போது யோசியுங்கள்: இருட்டில் வாசலில் யானை நிற்கிறது, உள்ளே மண்ணெண்ணெய் விளக்கு, கழிப்பறை வெளியே. யானை மிதித்து ஒருவர் செத்தார் என்று செய்தி வரும். ஒரு பல்பு இருந்திருந்தால் அவர் வாசல் தாண்டியிருக்க மாட்டார் என்று செய்தியில் வராது. இதைக் காட்டுயிர்ப் பிரச்சினை என்று மட்டும் வகைப்படுத்துவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

வால்பாறையில் இதற்கு நேர் எதிரான வழியில் போனார்கள். ஆனைமலைக் காட்டுக்கு நடுவில் சுமார் 220 சதுர கிலோமீட்டர் தேயிலை மேடு, இடையிடையே துண்டுத் துண்டாகச் சோலை. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் அங்கே யானையால் ஆட்கள் செத்த சம்பவங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது தெரிந்தது, செத்தவர்களில் பெரும்பாலானோருக்கு யானை பக்கத்தில் இருப்பதே தெரியாது என்பது. சாயங்காலம் பஸ் இறங்கி நடந்து வரும்போது முட்டிக்கொண்டவர்கள். அதற்கு மருந்தும் எளிமையாகவே வந்தது. உள்ளூர் கேபிள் டிவியில் 'இன்று யானை இந்த எஸ்டேட்டில்' என்று எழுத்து ஓடவிட்டார்கள். பிறகு எஸ்எம்எஸ், போனில் குரல் செய்தி. முக்கிய இடங்களில் கம்பம் நட்டுச் சிவப்பு விளக்கு. யானை இருந்தால் உள்ளூர் ஆளே மொபைலிலிருந்து அதை எரிய வைக்கலாம். யானையை விரட்டவும் இல்லை, வேலி போடவும் இல்லை. உயிர்ச்சேதம் குறைந்தது. கூடலூரில் வீடுகள் சிதறிக் கிடப்பதால் இது அப்படியே பொருந்தாது, இருந்தாலும் யானை வராமலிருக்க அகழி வெட்டுவதற்குக் கொட்டிய பணத்தில் ஒரு பகுதியை இதில் போட்டிருக்கலாம்.

இனி இரண்டாவது கேள்வி, பிடித்துக்கொண்டுபோய் விடுவது. பந்தலூர் மக்னா 2 என்ற யானையை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். மக்னா என்றால் கொம்பில்லாத ஆண் யானை. வீட்டை உடைத்து அரிசி தின்னும், அதனால் 'அரிசி ராஜா'. 2022 நவம்பரில் தேவாலா பக்கம் ஒரு பெண் அதனால் இறந்தார். டிசம்பரில் கும்கி வைத்துப் பிடித்து, ரேடியோ காலர் மாட்டி, முதுமலைக்குள் கொண்டுபோய் விட்டார்கள். 2023 ஜனவரியில் அது கேரளத்துச் சுல்தான் பத்தேரி டவுனுக்குள் நின்றது. கேரள வனத்துறை மறுபடி பிடித்து முத்தங்கா முகாமில் அடைத்தது. அதே வருஷம் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன், ஒரு மாதத்துக்குள் கம்பம் பஜாருக்குள் ஓடியதை டிவியில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதைத் திரும்பப் பிடித்து முண்டந்துறைக் காட்டில் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது.

ஆண் யானைக்குத் தன் வழி, தன் தீனி, தன் நீர் எல்லாம் மனப்பாடம். தெரியாத காட்டில் இறக்கினால் அது வீட்டைத் தேடும், அல்லது பழகிய ருசியைத் தேடும். நடுக்காடு என்று நீங்கள் சொல்லும் இடத்தில் ஏற்கெனவே வேறு யானைகள் இருக்கின்றன, அங்கேயும் உண்ணிதான் இருக்கிறது. ஆளைக் கொல்லும் ஒரு குறிப்பிட்ட யானையைப் பிடிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. செத்தவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவன் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைப் பிடித்தால் அந்த இடத்துக்கு அடுத்தது வரும்.

2022இல், நஷ்டத்தைக் காரணம் காட்டி டேன்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. காட்டுக்கு நல்லதுதானே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தேயிலையைக் கவாத்து பண்ணாமல் விட்டால் அது காடாகிவிடாது. செடி மரமாக உயரும், ஊடே உண்ணி ஏறும், யானை படுத்தால் பத்தடி தூரத்தில் நடப்பவருக்குத் தெரியாது. பக்கத்து லைனில் ஆள் குடியிருக்கும்போது இதைவிட ஆபத்தான நிலம் வேறு இல்லை. தேயிலையை வேரோடு எடுத்து, உண்ணியைக் கவிழ்த்து, புல்லும் சோலை மரமும் வைத்து ஐந்தாறு வருஷம் கவனிப்பதற்கு ஆள் வேண்டும். அந்த ஆட்கள் வேலை போன தோட்டத் தொழிலாளிகளாகவும் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர்களாகவும் இருக்கலாம். மண்ணும் மரமும் அவர்களுக்குத்தான் தெரியும், தினக்கூலியும் அவர்களுக்குத்தான் தேவை. உண்ணிக் குச்சியில் கூடலூர் ஆதிவாசிகள் செய்த யானை உருவங்கள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. நிஜ யானைக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். அவ்வளவு கைவேலை தெரிந்தவர்களிடம் இந்த நிலத்தை ஒப்படைத்துப் பத்து வருஷம் பார்க்கலாம் என்பேன்.