ஒரே கலைக் குழுவில் சேர்ந்து வாழும் ஓவியர்களின் பாணியும் நாளடைவில் ஒன்றாகிவிடாதா?

ஆகிவிடாது. சென்னையை ஒட்டி ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டல ஓவியர் கிராமமே அதற்குச் சாட்சி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற வருகிற பலர் பெயர்ப்பலகையைப் பார்த்ததோடு சரி, உள்ளே போனதில்லை. எனக்கு அதில் நிறைய வருத்தம் உண்டு.

அந்தக் குழுவைச் சேர்த்து வைத்தது பாணி இல்லை, பிழைப்பு. 1960களில் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து வெளியே வந்தவர்கள் படம் விற்று வயிறு வளர்க்க முடியாது. துணி வடிவமைப்பு, விளம்பரம் என்று கிடைத்த வேலைக்குப் போய், கொஞ்ச காலத்தில் தூரிகையையே மறந்துவிடுவார்கள். கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கருக்கு இது பெரிய கவலை. அவரும் மாணவர்களும் கைவினைச் சங்கம் ஒன்று தொடங்கி, பாத்திக் துணிகள் செய்து கண்காட்சி வைத்து விற்றார்கள். அந்தப் பணத்தில்தான் கடலோரத்தில் சுமார் 10 ஏக்கர் மணல் நிலம் வாங்கினார்கள். 1966இல் கிராமம் உருவானது.

பாத்திக் வேலை எளிதில்லை. உருக்கிய மெழுகைச் சூடு ஆறுவதற்குள் துணியில் இழுக்க வேண்டும். மெழுகு உள்ள இடத்தில் சாயம் ஏறாது. காய்ந்த துணியைக் கசக்கினால் மெழுகு வெடிக்கும். அந்த விரிசலுக்குள் சாயம் இறங்கி மெல்லிய கோடுகள் ஓடும். ஒவ்வொரு நிறத்துக்கும் மறுபடி மெழுகு, மறுபடி சாயம், கடைசியில் கொதிநீரில் மெழுகை எடுக்க வேண்டும். வீட்டுச் செலவைக் கைவினை பார்த்துக்கொண்டதால், ஓவியத்தில் யாருக்கும் பிடித்த மாதிரி வரைய வேண்டிய கட்டாயம் இல்லாமல் போனது. ஆளுக்கு ஒரு வழியில் போனதற்கு இதுதான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

பணிக்கரையே பாருங்கள். ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டம், கணக்கு, மலையாள எழுத்து போன்ற கிறுக்கல் எல்லாம் இருக்கும். வாசிக்கப் போனால் ஒன்றும் பிடிபடாது. எழுத்தைப் படமாக மட்டும் பார்க்க வைக்கிறார். சுல்தான் அலியும் படத்துக்குள் எழுத்தைக் கொண்டுவந்தவர்தான், ஆனால் அவருடைய உலகம் பழங்குடிக் கலையிலிருந்து வந்த காளைகளும் தெய்வங்களும். ஹரிதாசன் தாந்திரீக வடிவங்களுக்குள் போனார். விஸ்வநாதன் பாரிஸுக்கே போய்விட்டார். வாசுதேவ் விருட்சத்தை விடாமல் வரைந்தார், செப்புத் தகட்டிலும் புடைப்பு வேலை செய்தார். பின்னாளில் நெசவாளரோடு சேர்ந்து பட்டு நூலில் சுவரில் மாட்டும் சித்திரச் சீலைகளும் செய்தார். அர்னவாஸ் போன்ற பெண் ஓவியர்களைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு.

எனக்கு மிகவும் நெருக்கமானவர் சிற்பி பி.வி. ஜானகிராம். கோயில் மூலவருக்குச் சாத்தும் கவசத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: முன்பக்கம் மட்டும்தான், சுற்றி வந்து பார்க்க ஒன்றும் கிடையாது. சிற்பம் என்றால் நாலா பக்கமும் பார்க்க வேண்டும் என்ற மேலைநாட்டுப் பாடத்தை விட்டுவிட்டு, அவர் அந்தக் கவசத்தின் வழியில் போனார். உலோகத் தகட்டைத் தட்டி வளைத்து, அதன்மேல் கம்பிகளைப் பற்றவைத்து, கண்ணையும் ஆடை மடிப்பையும் கோடாகவே கொண்டுவந்தார். கிட்டப் போய்ப் பார்த்தால் சுத்தியல் பட்ட பள்ளங்கள் தெரியும். பணிக்கரின் மகன் நந்தகோபாலும் செம்பில் முன்பக்கச் சிற்பம்தான் செய்தார்; ஆனால் அவருடையவை ஆளுயரத்தைத் தாண்டிக் கதை சொல்கிறவை. ஒரே உலோகம், ஒரே மரபு, ஒரே குழு. இருந்தும் யாருடையது எது என்பதில் சந்தேகமே வராது.

கே. ராமானுஜம் இதற்கெல்லாம் எதிர்முனை. பேனாவும் மையும் போதும் அவருக்கு. மாடங்கள், பாம்புகள், பறக்கும் உருவங்கள், அவற்றுக்கு நடுவே தொப்பி போட்ட ஒரு ஆள், அது அவரேதான். மனநோயோடு வாழ்ந்து 1973இல், முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டிய நிலையில் இறந்துபோனார். அவர் கடைசிவரை வரைந்துகொண்டிருக்க அந்தக் கிராமம் இடம் கொடுத்தது, அதற்காகவே அதன்மேல் எனக்குத் தனி மரியாதை.

அடுத்த தலைமுறையில் சி. டக்ளஸ். தாளைக் கசக்கி, அந்தச் சுருக்கங்களின் மேலேயே வேலை செய்கிறவர். முன்னோர் யாருடைய சாயலும் அதில் இல்லை.

நேரில் பார்க்க விரும்பினால், 2009இல் திறந்த அருங்காட்சியகம் அங்கேயே இருக்கிறது. இன்று அதே சாலையில் இளம் ஓவியர்கள் சேர்ந்து நிலம் வாங்க முடியாதுதான். ஆனால் சேர்ந்து ஒரு கைத்தொழில், விற்பதில் ஒரு பங்கு பொது நிதிக்கு என்ற ஏற்பாட்டுக்கு நிலம் தேவையில்லை. குழு தொடங்க நினைக்கிறவர்கள் முதலில் அதைப் பேசி முடியுங்கள், பாணியை அவரவர் பார்த்துக்கொள்வார்கள்.